பழைய ஆயில் இன்ஜின் பம்பு: பிரிப்பதற்கு முன் சோதிக்கும் முறை

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு வரைக்கும் உள்ள பழைய தோட்டங்களில், மோட்டார் கொட்டகையின் மூலையில் சாக்குப் போர்த்திய ஆயில் இன்ஜின் ஒன்றைப் பல இடங்களில் பார்க்கலாம். மின் இணைப்பு கிடைத்த நாளில் ஒதுக்கி வைத்த அந்த இன்ஜினை, கோடையில் பண்ணைக் குட்டையிலிருந்து மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவதற்கோ, மும்முனை மின்சாரம் இல்லாத வேளையில் தக்காளியைக் காப்பாற்றுவதற்கோ மறுபடியும் வெளியே எடுக்கிறார்கள். டீசலை மாற்றி, ஆயிலை மாற்றி, கைப்பிடி போட்டுச் சுற்றினால் இன்ஜின் ஓடிவிடுகிறது, தண்ணீர்தான் வருவதில்லை. அப்போது எல்லோரும் முதலில் செய்கிற வேலை, பம்பின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பார்ப்பது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பதே என் அனுபவம். பம்புக்குள் எந்தக் கோளாறும் இல்லாமல், வெளியே எங்கோ ஓர் இடுக்கில் காற்று புகுவதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டுகளை முறித்து, மூடிக்கு அடியில் நன்றாக இருந்த பேக்கிங் அட்டையைக் கிழித்த பிறகு அந்த இடுக்கைத் தேடுவது இரட்டை வேலை.

இங்கே நான் சொல்வது, ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டு நம் ஊர்களுக்கு வந்த, நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை இன்ஜினையும், அதனோடு பட்டை பெல்ட்டால் இணைத்த இரண்டரை அல்லது மூன்று அங்குல மையவிலக்குப் பம்பையும் மனத்தில் வைத்து எழுதியது. நேரடியாக இணைத்த 1500 சுற்று இன்ஜின்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தச் செட்டில் பம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வயலுக்குத் தண்ணீர் தள்ளுவது. மற்றொன்று, தண்ணீரை வெளியே கொண்டுபோகும் டெலிவரிக் குழாயிலிருந்து பிரிந்து வரும் அரை அங்குலக் குழாய் வழியாக இன்ஜினின் சிலிண்டரைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விப்பது. ஆகவே பம்பு காற்றைப் பிடித்துத் தண்ணீரை விட்டுவிட்டால் பயிர் காய்வதோடு முடியாது. மடை மாற்றப் போனவர் திரும்பி வருவதற்குள் பிஸ்டன் பிடித்துவிடும்.

பம்பு எவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்கும்

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், உண்மையில் பம்பின் வாயில் அழுத்தம் குறையும்போது வெளியில் உள்ள காற்றுமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்று அதிகமாகத் தாங்கக்கூடிய தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர். நம் பகுதி மேட்டு நிலம் என்பதால் இந்தக் கணக்கு நமக்குக் கொஞ்சம் குறைகிறது. தருமபுரியின் உயரத்துக்கு அது 9.7 மீட்டர் அளவிலும், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்ப் பக்கத்தில் 9.3 மீட்டர் அளவிலும் நிற்கும். குழாயின் உராய்வு, குழாயின் அடிமுனையில் ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் புட்வால்வின் தடை, தண்ணீர் ஆவியாகும் அழுத்தம் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், நடைமுறையில் தருமபுரி, கிருஷ்ணகிரி சமவெளியில் ஆறரை மீட்டருக்கும் ஓசூர், தளி மேட்டில் ஆறு மீட்டருக்கும் மேல் நம்பக் கூடாது. சென்னையில் விற்பனையாளர் சொன்ன 25 அடி இங்கே செல்லாது.

எனவே எந்தச் சோதனைக்கும் முன்னால் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம்பின் அச்சுக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். காலையில் அளந்தது மட்டும் போதாது. பாறையை வெட்டி இறக்கிய நம் கிணறுகளில் ஊற்று மெதுவாகவே சுரப்பதால், ஒரு மணி நேரம் இறைத்ததும் மட்டம் இரண்டு மூன்று மீட்டர் இறங்கிவிடுவது சாதாரணம். அந்த இறங்கிய மட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். காலையில் நன்றாக இறைத்து, வெயில் ஏறியதும் நின்றுவிடுகிற பம்புகளில் பல, பழுதே இல்லாதவை.

உயரம் போதவில்லை என்பதற்காக இன்ஜினைக் கிணற்றுக்குள் இருக்கும் திட்டில் இறக்கி வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. மின்மோட்டாரை அப்படி இறக்கலாம். டீசல் இன்ஜினை ஒருபோதும் இறக்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு கிணற்றுக்குள் தங்கி, வாசனையே காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது பிராணவாயு குறைவதைக் காட்டுமே தவிர, இந்த வாயுவைக் காட்டாது. இந்த வாயு நிறைந்த இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கையால் சுற்றிப் பார்த்தல்

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் கப்பியை இரு கைகளாலும் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே சீராக, தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் கயிறு திணித்து அடைத்த கிளாண்டின் இறுக்கத்தை மட்டும் உணரும்படி சுற்றினால் நல்லது. ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இடறினால் தண்டு வளைந்திருக்கலாம் அல்லது இம்பெல்லரில் ஒரு கல் மாட்டியிருக்கலாம். சொரசொரவென்று மணல் அரைபடுவதுபோல் கையில் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது. பிறகு கப்பியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும்; கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், கிளாண்டில் எத்தனை முறை புதுக் கயிறு வைத்தாலும் ஒரு வாரம்கூட நிற்காது.

சுற்றவே மறுத்தால் பைப் ரெஞ்சை மாட்டி இழுக்க வேண்டாம். வார்ப்பிரும்பு இம்பெல்லர் உடைவது அப்படித்தான். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

பெல்ட்டை மறுபடி மாட்டும்போது அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பம்பின் உடல் நத்தை ஓடுபோல் மெல்ல அகன்றுகொண்டே போய் டெலிவரி வாயில் சேர்கிறதல்லவா, அது அகலும் திசையில்தான் தண்டு சுற்ற வேண்டும். குறுக்காகப் போட வேண்டிய பெல்ட்டை நேராகப் போட்டுவிட்டால் பம்பு எதிர்த் திசையில் ஓடும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், எதிர்த் திசையில் ஓடினாலும் மையவிலக்குப் பம்பு கொஞ்சம் தண்ணீர் கொடுக்கவே செய்யும். பம்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டியவர்களும் இருக்கிறார்கள்.

வாய் திறந்த சோதனையும் வாய் மூடிய சோதனையும்

இளநீரில் போட்ட ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருக்கும் நீர் விழுவதில்லை. விரலை எடுத்ததும் விழுந்துவிடுகிறது. பம்பின் சக்‌ஷன் பக்கத்தை, அதாவது தண்ணீர் ஏறிவரும் பக்கத்தை, சோதிப்பதற்கு இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். மேல்வாய் திறந்திருக்கும்போது தண்ணீர் இறங்கினால் அடியில் உள்ள புட்வால்வு ஒழுகுகிறது என்று பொருள். மேல்வாய் மூடியிருக்கும்போதும் தண்ணீர் இறங்கினால், எங்கோ காற்று புகுகிறது என்று பொருள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ‘பம்பு தண்ணீர் நிற்கவில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான், புது புட்வால்வு வாங்கி மாட்டியும் கோளாறு தீராமல் போகிறது.

முதலில் வாய் திறந்த சோதனை. பம்பின் மேல் உள்ள தண்ணீர் ஊற்றும் அடைப்பைக் கழற்றி, குமிழி வருவது நிற்கும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி விளிம்புவரை நிரப்ப வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது மட்டம் விரற்கடை அளவுக்குள் இறங்கியிருந்தால் குறையில்லை. கண் முன்னாலேயே இறங்கிக்கொண்டு போனால் புட்வால்வைத் தூக்க வேண்டும். தோல் வைத்த பழைய வால்வுகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தால் தோல் சுருங்கி விறைத்துப்போயிருக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டாலே சில நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் தட்டுக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு சுள்ளியோ கூழாங்கல்லோ சிக்கியிருக்கும்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கைவைத்தியம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் நிற்காத பம்பில் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். சாணியில் உள்ள நார் புட்வால்வின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ள, தண்ணீர் நின்று, பம்பும் எடுத்துக்கொள்ளும். மின்மோட்டார் பம்பில் இது பாதகமில்லாத தந்திரம்தான். நானும் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். ஆனால் ஆயில் இன்ஜினில் அந்த நார் டெலிவரி வழியாக வந்து குளிர்விக்கும் அரை அங்குலக் குழாயின் நல்லியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு, சோதனை நடத்தும் நாளில் சாணி ஊற்றினால் எந்த முடிவையும் நம்ப முடியாது. கோளாறு மறைந்திருக்குமே தவிர நீங்கியிருக்காது.

அடுத்து வாய் மூடிய சோதனை. இதற்குக் கடைகளில் வேக்கம் கேஜ் என்று கேட்டால் கிடைக்கும், உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் மானி ஒன்று வேண்டும். சக்‌ஷன் பிளேஞ்ச் எனும் இணைப்புத் தட்டிலோ பெண்ட் எனும் வளைவிலோ கால் அங்குல மரை வெட்டிய துளை ஒன்று இருக்கும். அதில் அதைப் பொருத்தலாம். பம்பை நிரப்பி, இன்ஜினை ஓட்டித் தண்ணீர் வந்ததும் முள்ளைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் கீழே இருந்தால் பாதரசக் கணக்கில் 73.5 மில்லிமீட்டர் காட்டும் என்பது அடிப்படை. ஐந்து மீட்டர் ஆழம் என்றால் 370 அளவு உயரத்துக்கே போய்விடும். உராய்வும் சேர்ந்து 400 முதல் 450 வரை முள் அசையாமல் நின்றால் சக்‌ஷன் பக்கம் ஒழுங்காக இருக்கிறது. 550, 600 என்று ஏறிக்கொண்டே போனால் அடைப்பு இருக்கிறது: சல்லடையில் பாசி, குழாயில் துரு, அல்லது பழைய ரப்பர் ஓஸின் உள்தோல் உரிந்து இழுபட்டு வழியை மூடுவது. இந்தக் கடைசிக் கோளாறு வெளியே தெரியவே தெரியாது. நிறுத்தி வைத்தால் உள்தோல் பழைய இடத்துக்குப் போய்விடும், ஓட்டிய சில நிமிடங்களில் மறுபடியும் அடைக்கும். முள் குறைவாகக் காட்டி நடுங்கிக்கொண்டே இருந்தால் காற்று புகுகிறது.

பிறகு டெலிவரி வால்வை இறுக மூடிவிட்டு இன்ஜினை நிறுத்த வேண்டும். முள் ஒரு முறை ஆடி அடங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைக் கண்ணாடியில் பேனாவால் குறித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். குறித்த இடத்திலேயே நின்றால் காற்றுக்கு வழியில்லை. பூஜ்யத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தால், டெலிவரி வால்வு நன்றாக மூடுகிற வால்வுதான் என்பதை உறுதிசெய்துகொண்டு, காற்று புகும் இடத்தைத் தேடத் தொடங்கலாம்.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

தண்ணீர் வெளியே ஒழுகினால் ஈரம் காட்டிக்கொடுக்கும். காற்று உள்ளே போனால் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் நாமே ஒரு சாட்சியை வைக்க வேண்டும். காற்று வீசாத அதிகாலையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எரியும் ஊதுபத்தியைச் சக்‌ஷன் குழாயின் ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் மெதுவாகக் கொண்டுபோனால், ஓட்டை உள்ள இடத்தில் புகை நூல்போல் நீண்டு உள்ளே இழுபடும். டீசல் டேங்க் பக்கம் ஊதுபத்தியைக் கொண்டுபோக வேண்டாம். பெல்ட்டின் பக்கம் போகும்போது தோளில் துண்டோ, தளர்ந்த வேட்டியோ இருக்கக் கூடாது. காற்று அடிக்கிற இடமென்றால் துணி சோப்பைக் குழைத்து நுரையாக்கித் தடவலாம். கேஸ் குழாயில் ஒழுக்கு என்றால் நுரை வெளியே பொங்கும், இங்கே அது உள்ளே குழிந்து மறையும்.

சைக்கிள் டியூபைச் சுற்றிய இணைப்புகளை எல்லாம் அவிழ்த்துவிட்டே பார்க்க வேண்டும். பெயின்ட் பூசிய இடங்களை அதைவிட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். பாரூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், மூன்று மெக்கானிக்குகள் பிரித்துப் பூட்டிய பம்பு ஒன்றை இரண்டு காலை நேரம் செலவழித்துப் பார்த்தேன். புட்வால்வு புதியது, கிளாண்டுக் கயிறு புதியது, இம்பெல்லரும் புதியது. சக்‌ஷன் பெண்டின் அடிப்பக்கத்தில், கேஜ் மாட்டுவதற்காக விட்டிருந்த கால் அங்குலத் துளையை யாரோ ஒரு காலத்தில் வேப்பங்குச்சியைச் செதுக்கி அடைத்து, அதன் மேல் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். குச்சி காய்ந்து சுருங்கி, பெயின்டில் மயிரிழை அளவு வளையம் விட்டிருந்தது. ஊதுபத்திப் புகை அந்த வளையத்துக்குள் நுழைவதைக் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மரை போட்ட ஒரு பித்தளை அடைப்போடு வேலை முடிந்தது. புது இம்பெல்லருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் முள் இறங்கினால், மிச்சம் இருப்பது கிளாண்டு. தண்டு உடலுக்குள் நுழையும் அந்த இடத்தில் உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும்போது காற்று அதன் வழியே எளிதாக உள்ளே போகும். கிளாண்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் இறுக்கி வைப்பது பெருமை என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்டை அறுக்கும் வேலை. ஓடும்போது விநாடிக்கு ஒரு சொட்டு அளவில் வடிந்துகொண்டிருப்பதே சரியான இறுக்கம். அந்தச் சொட்டுதான் கயிற்றுக்கு எண்ணெயும் குளிர்ச்சியும். புதுக் கயிறு வைக்கும்போது ஒரே நீளமாகச் சுருட்டித் திணிக்காமல், தண்டைச் சுற்றும் அளவுக்கு வளையங்களாக வெட்டி, ஒரு வளையத்தின் வெட்டு அடுத்ததன் வெட்டுக்கு நேராக வராமல் திருப்பி வைக்க வேண்டும். மிகப் பழைய பம்புகளில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்கக்கூடும். அதை உலர்வாகக் கிளறி ஊதாமல், நனைத்து எடுத்துப் பையில் கட்டிப் புதைத்துவிட வேண்டும்.

தண்ணீர் வந்த பிறகு அளப்பது

தண்ணீர் வருகிறது என்பதோடு நிறுத்திவிடாமல், எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். 200 லிட்டர் பேரல் ஒன்றை டெலிவரிக்குக் கீழே வைத்து, அது நிறையும் நேரத்தைக் கைப்பேசியில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். 20 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 10 லிட்டர். அந்த எண்ணைத் தண்ணீர் ஏறும் மொத்த உயரத்தால் பெருக்கி 75-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த குதிரைத்திறன் கிடைக்கும். மொத்த உயரம் 15 மீட்டர் என்றால் 10 × 15 ÷ 75, அதாவது 2 குதிரைத்திறன். ஐந்து குதிரைத்திறன் இன்ஜினில் இது மோசமில்லை. ஒன்றரைக்கும் கீழே போனால் டீசல் வீணாகிறது, காரணத்தைத் தேடலாம்.

காரணம் தேடும்போது வேகத்திலிருந்து தொடங்குவது நல்லது. இன்ஜின் கப்பி 18 அங்குலமும் பம்புக் கப்பி 8 அங்குலமும் இருந்தால், 650 சுற்று இன்ஜினில் பம்பு 1460 சுற்று ஓட வேண்டும். பெல்ட் வழுக்கி வேகம் நூற்றுக்குப் பத்து குறைந்தாலும், தண்ணீரின் அளவு பத்துதான் குறையும், ஆனால் ஏற்றும் உயரம் நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்துவிடும். மேட்டுத் தோட்டத்துக்கு இறைக்கும் பம்புகளில் தண்ணீர் அறவே நின்றுபோவதற்கு இதுவே போதும். இன்ஜின் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்பதைக் காதாலேயே பார்க்கலாம்: நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும் என்பதால், 650 சுற்றில் பத்து விநாடிக்கு 54 வெடிப்புக் கேட்க வேண்டும். எண்ண முடியவில்லை என்றால் கைப்பேசியில் பதிவுசெய்து வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டுப் பார்க்கலாம்.

வேகம் சரி, சக்‌ஷன் சரி, ஆனாலும் தண்ணீர் குறைவு என்றால், டெலிவரி பக்கத்தில் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, ஓடும்போதே டெலிவரி வால்வை மெதுவாக முழுவதும் மூடிப் பார்க்க வேண்டும். மையவிலக்குப் பம்பில் இப்படி மூடுவதால் சேதமில்லை. பிஸ்டன் பம்பில் ஒருபோதும் செய்யக் கூடாது. எட்டு அங்குல விட்டமுள்ள இம்பெல்லர் 1450 சுற்றில் ஏறக்குறைய 12 முதல் 15 மீட்டர் வரை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.5 கிலோ வரை காட்ட வேண்டும். கேஜில் காண்பதோடு சக்‌ஷன் உயரத்தையும் கூட்டியே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் மூடி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீரும் கிளாண்டும் சூடாகிவிடும். கூட்டிப் பார்த்த அளவு மிகவும் குறைந்திருந்தால், இப்போது, இந்தக் கட்டத்தில்தான், இம்பெல்லரின் மீது சந்தேகப்படலாம்.

குளிர்விக்கும் தண்ணீர்

இன்ஜினின் தலையிலிருந்து வெளியே விழும் மெல்லிய தாரையைப் பார்க்காமல் சோதனையை முடிக்கக் கூடாது. ஐந்து குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் ஓடும்போது குளிர்விக்கும் தண்ணீருக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் வெப்பத்தைக் கொடுக்கும். 28 டிகிரியில் உள்ளே போகும் தண்ணீர் 65 டிகிரியில் வெளியே வர வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஒரு லிட்டர்ச் சொம்பு 35 முதல் 40 விநாடிக்குள் நிறைய வேண்டும். நல்லியை முழுவதும் திறந்துவிட்டு வாய்க்கால்போல் ஓடவிடுவது இன்ஜினுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. சிலிண்டர் எப்போதும் குளிர்ந்தே இருந்தால் டீசலில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிலிண்டரின் உள்சுவரான லைனரை அரிக்கும்.

தாரையில் விரலை நீட்டிப் பார்ப்பதே பழைய முறை. அரை மணி நேரம் சுமையோடு ஓடிய பிறகு ஓரிரு விநாடிக்கு மேல் விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் வெப்பம் 60 டிகிரிக்கு அருகில் இருக்கிறது, அது சரியான நிலை. சுகமாகக் கை கழுவலாம் என்றால் நல்லியைச் சற்று மூடலாம். ஆவி பறந்து, தாரை விட்டுவிட்டுத் துப்பினால் உடனே சுமையைக் குறைத்து, நல்லியைத் திறந்து பார்க்க வேண்டும். தாரை அறவே நின்று இன்ஜின் காய்ந்துவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு, தானாக ஆறும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலை வெடித்துவிடும்.

நல்லி திறந்தும் தாரை மெலிந்தே இருந்தால் குழாயின் இன்ஜின் முனையைக் கழற்றிச் சில விநாடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய முனையில் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சினால் அடைப்பு இன்ஜினுக்குள் இருக்கிறது. அங்கேயும் மெலிந்து வந்தால் நல்லியிலோ குழாயிலோ இருக்கிறது, கம்பி விட்டுக் குத்தினால் முன்சொன்ன சாணி நார் உருண்டையாக வெளியே வரும். இன்ஜினுக்குள் என்றால் அது பெரும்பாலும் உப்புப் படிவம். நம் இரு மாவட்டத்துத் தண்ணீரிலும் ஃபுளோரைடு மிகுதி என்பது ஊரறிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் சிலிண்டரைச் சுற்றிப் படிவது அந்த ஃபுளோரைடு அன்று. கடினத் தண்ணீர் சூடாகும்போது பிரியும் கால்சியம் கார்பனேட், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு. கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வழிகளை அடைத்து உள்ளே நிரப்பிச் சில மணி நேரம் வைத்துக் கழுவினால் கரைந்து வரும். நுரையும் வாயுவும் எழும் என்பதால் மேல்வழியை மட்டும் திறந்து வைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டாம். அது பொருக்கோடு இரும்பையும் தின்னும்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்

இத்தனைக்குப் பிறகும் மூடிய வால்வுச் சோதனையில் அழுத்தம் ஏறவில்லை என்றால் மூடியைக் கழற்றலாம். இம்பெல்லரின் வாய்க்கும் அது சுழலும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் முக்கியம். புதிதில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இருக்கும் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு திரும்பவும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆற்று மணலை இறைத்த பம்புகளில் இது மிக விரைவில் தேயும். தென்பெண்ணைக் கரையில் ஓடிய பம்புகளைத் திறந்தால் வளையத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வழி இருக்கும். வளையத்தை மட்டும் லேத்தில் கடைந்து மாற்றினால் போதும், இம்பெல்லரை மாற்ற வேண்டியதில்லை. இலைகள் நுனியில் மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டுமே புதியது வாங்கலாம்.

மூடியின் பேக்கிங்கை வெட்டும்போது பழைய பேக்கிங் என்ன கனமோ அதே கனத்தில் வெட்ட வேண்டும். காலண்டர் அட்டையை வெட்டி வைப்பது தவறில்லை, ஆனால் இரண்டு அட்டையை ஒட்டி வைத்தால், மூடியை ஒட்டிச் சுழல வேண்டிய திறந்த வகை இம்பெல்லர் அதைவிட்டு விலகி, சரிசெய்த இடைவெளி மறுபடியும் கூடிவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கி, பெல்ட்டை மாட்டுவதற்கு முன் கப்பியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட வேண்டும். உரசாமல் சுற்றினால் தண்ணீர் ஊற்றி நிரப்பி, பேரலை மறுபடியும் டெலிவரிக்குக் கீழே வைக்கலாம்.